"உங்க வயித்துல புழு இருக்கு": ரீல்ஸ் பார்த்து மருந்து வாங்கலாமா? நீலகிரி மக்கள் ஏன் கூடுதலாக உஷாராக இருக்கணும்?

எப்பவும் அசதியா இருக்கா? முகம் வெளுத்துப் போச்சா? ராத்திரி தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களா? "அப்படின்னா உங்க வயித்துல புழு இருக்கு" என்று அடித்துச் சொல்கின்றன இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூபில் ஓடும் விளம்பரங்கள். கூடவே ஒரு பவுடர் டப்பா, இல்லாவிட்டால் சொட்டு மருந்து. "15 நாளில் உடம்பில் இருக்கிற எல்லா ஒட்டுண்ணியும் வெளியே வந்துடும், பக்கவிளைவே கிடையாது, கேஷ் ஆன் டெலிவரி உண்டு" என்று முடிகிறது வீடியோ.

கூடலூரில் இருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இருக்கும் தேவர்சோலை மாதிரியான தோட்டத்து ஊர்களுக்கும் இந்த விளம்பரங்கள் போன் வழியாக வந்து சேர்கின்றன. தமிழிலும் வருகின்றன, மலையாளத்திலும் வருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று யோசிக்கும் தொழிலாளிக்கு, வீட்டு வாசலுக்கே வரும் டப்பா சுலபமான வழியாகத் தெரியும்.

புழு என்பது கட்டுக்கதை இல்லை. தேயிலைத் தோட்டங்களில் அது நிஜமான பிரச்னையாகவே இருந்திருக்கிறது. ஆனால் அந்த விளம்பரம் சொல்லும் அறிகுறிகளுக்குப் பின்னால் வேறு நோய் இருந்தால் என்ன ஆகும்? அதிலும் நீலகிரியில் அந்த 'வேறு நோய்' என்னவாக இருக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

விளம்பரம் எப்படி நம்ப வைக்கிறது?

முதல் தந்திரம், அறிகுறிப் பட்டியல். சோர்வு, வயிறு உப்புசம், இனிப்பு மேல ஆசை, தூக்கம் வராமை, முகப்பரு, எரிச்சல், தலைவலி. இதில் மூணு இருந்தாலே புழு என்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க, இதில் மூணு இல்லாத மனுஷன் யார்? பத்து மணி நேரம் வேலை பார்த்துட்டு வர்ற யாருக்குமே இந்தப் பட்டியல் பொருந்தும்.

நம்ம ஊரில் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கைகளையும் இவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். குழந்தை பல்லைக் கடித்தால் பூச்சி, முகத்தில் வெள்ளைத் தேமல் வந்தால் பூச்சி என்று வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்போம். குழந்தைகளின் கன்னத்தில் வரும் அந்த வெளிர் தேமல் பெரும்பாலும் தோல் வறட்சியோடு தொடர்புள்ள ஒரு சாதாரணத் தோல் பிரச்னை. தூக்கத்தில் பல் கடிப்பதை வைத்தும் புழு இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. நிஜமாகவே புழுவைக் காட்டும் அறிகுறிகள் வேறு. ராத்திரியில் ஆசனவாயைச் சுற்றி அரிப்பு இருந்தால் நூல்புழுவாக இருக்கலாம். சில சமயம் மலத்தில் புழு கண்ணுக்கே தெரியும். மற்றபடி மலப் பரிசோதனை செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது தந்திரம், பக்கவிளைவையே நல்ல செய்தியாக மாற்றுவது. மருந்து சாப்பிட்டதும் தலைசுற்றல், வாந்தி, பேதி வந்தால் "பயப்படாதீங்க, புழு சாகுது, அதான் இப்படி" என்கிறார்கள். கிருமி அழியும்போது உடல் எதிர்வினை காட்டுவது மருத்துவத்தில் உண்டுதான். சிபிலிஸ் போன்ற சில பாக்டீரியா நோய்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது அது நடக்கும். அந்தப் பெயரை இரவல் வாங்கி, பவுடர் குடிச்சு வர்ற பேதிக்கு ஒட்டவைக்கிறார்கள். இதனால், உடனே நிறுத்த வேண்டிய மருந்தை மக்கள் இன்னும் அதிகமாகக் குடிக்கும் ஆபத்து இருக்கிறது.

வெளியே வந்தது புழு இல்லையா?

"நானே கண்ணால பார்த்தேன், கயிறு மாதிரி வெளியே வந்துச்சு" என்று சொல்லும் வீடியோக்கள்தான் மிகவும் நம்பவைப்பவை. அவர்கள் பார்த்தது பொய் இல்லை. ஆனால் அது புழு இல்லை.

இப்படி விற்கப்படும் பல கலவைகளில் இசப்கோல் உமியோ பெண்டோனைட் என்ற களிமண்ணோ இருக்கும. இசப்கோலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்தில் கொழகொழன்னு கூழாகிவிடும். அதே கூழ் குடலில் சளியோடும் மலத்தோடும் சேர்ந்து, குடலின் வடிவத்திலேயே நீளமாக, ரப்பர் மாதிரி வெளியே வரும். அதைத்தான் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அதாவது, 'புழு'வை உருவாக்குவதே அந்த டப்பாதான். வயிற்றில் ஒரு புழுகூட இல்லாதவர் குடித்தாலும் அதே 'கயிறு' வரும்.

இதைவிட மோசமானதும் உண்டு. வெளிநாடுகளில் சிலர் குளோரின் டை ஆக்சைடு கலந்த திரவத்தை ஒட்டுண்ணிக்கு மருந்து என்று கொடுத்தார்கள். அதைக் குடித்தோ எனிமாவாக ஏற்றியோ பிறகு வெளியே வந்த நார் போன்ற பொருளுக்கு 'கயிற்றுப் புழு' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவர்கள் எச்சரித்தது என்னவென்றால், அது ரசாயனம் பட்டு உரிந்து வந்த குடலின் உட்சவ்வும் சளியும்.

இந்த 'கிளென்ஸ்' எங்கிருந்து வந்தது?

இன்று 'பாரசைட் கிளென்ஸ்' என்ற பெயரில் விற்கும் பல டப்பாக்களில் மூன்று பொருட்கள் திரும்பத் திரும்ப வரும்: கருப்பு வால்நட் காயின் தோல், வார்ம்வுட் என்ற கசப்புச் செடி (நம்மூர் மாசிபத்திரியின் உறவுக்காரச் செடி), கிராம்பு. ஆயிரம் வருஷத்து ரகசியம் என்று சொன்னாலும், இந்தக் கூட்டணியைப் பிரபலமாக்கியவர் ஹுல்டா கிளார்க். 1990-களில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் செயல்பட்டவர். புற்றுநோய் உட்பட எல்லா நோய்க்கும் ஒட்டுண்ணிதான் காரணம் என்று புத்தகம் எழுதினார். அவர் பெயரைச் சொல்லி மூலிகையும் 'ஜாப்பர்' என்ற மின்கருவியும் விற்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003-ல் வழக்குத் தொடுத்தது. 2009-ல் கிளார்க் இறந்தார். காரணம், மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்.

குளோரின் டை ஆக்சைடு கதையும் நீதிமன்றம் வரை போனது. ஃபுளோரிடாவில் 'சர்ச்' என்ற பெயரில் அதை 'அற்புத மருந்து' என்று விற்ற மார்க் கிரெனனும் அவருடைய மூன்று மகன்களும் 2023-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இரண்டு மகன்களுக்குத் தலா 151 மாதம், அதாவது 12 ஆண்டுகளுக்கும் மேல் சிறை. தந்தைக்கும் இன்னொரு மகனுக்கும் தலா 60 மாதம்.

'இயற்கைதானே, என்ன ஆகப்போகுது' என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. வார்ம்வுட்டில் உள்ள துஜோன் என்ற பொருள் அளவு மீறினால் வலிப்பை உண்டாக்கும். கிராம்பு எண்ணெயை அதிகமாகக் குடித்தால் கல்லீரல் பாதிக்கப்படும். டப்பாவில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் குடிப்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

தேயிலைத் தோட்டத்துக்கும் புழுவுக்கும் என்ன தொடர்பு?

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர், 1964-ம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் வேலை செய்த இலங்கைத் தோட்டங்களில்தான் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய புழு ஒழிப்பு இயக்கம் நடந்தது. 1910-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அதை நடத்தியது. தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கொக்கிப்புழு இருந்தது.

கொக்கிப்புழு வாய் வழியாக வர வேண்டிய அவசியமில்லை. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்தில் முட்டைகள் விழும். ஈர மண்ணில் அவை பொரிந்து, வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும் அந்தக் குஞ்சுப் புழுக்கள். பிறகு குடலுக்குப் போய் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மழை, ஈர மண், வெறுங்கால், கழிப்பறை இல்லாத லைன் வீடு - புழுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அன்று கொடுத்த மருந்துகளில் முக்கியமானது கீனோபோடியம் எண்ணெய். செடியில் இருந்து எடுத்த சுத்தமான 'இயற்கை' மருந்து. புழுவைக் கொன்றது. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் விஷமானது, அந்த மருந்தால் உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அதனால்தான் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது கைவிடப்பட்டது.

அந்த இயக்கம் கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம் இன்றைக்கும் பொருந்தும். மருந்து கொடுத்த பிறகும் பலருக்குத் திரும்பப் புழு வந்தது. காரணம், பல தோட்டங்களில் கழிப்பறை கட்டவில்லை. இந்தியாவில் 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம்தான் கழிப்பறை, குடிநீர், மருத்துவ வசதியை நிர்வாகத்தின் கடமை ஆக்கியது. புழுவைத் தடுப்பது கழிப்பறையும், செருப்பும், கை கழுவுவதும்தான். 'வாழ்நாள் முழுக்கப் புழு வராது' என்று எந்த டப்பாவும் சொல்ல முடியாது.

நிஜமாகவே புழு இருந்தால்?

அதற்கான மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியது. வழக்கமாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களையொட்டி 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 200 மி.கி., அதாவது அரை மாத்திரை. அதற்கு மேல் 400 மி.கி. அன்று விட்டுப்போனவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையிலான பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் சேர மாட்டார்கள்.

உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு - மண் வழியாகப் பரவும் இந்த மூன்றுக்கும் எதிராகத்தான் இந்தத் திட்டம். உலகம் முழுக்க சுமார் 150 கோடி பேருக்கு இந்தப் புழுக்களின் தொற்று இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆன்லைனில் 15 நாள், 30 நாள் 'கோர்ஸ்' என்று விற்கிறார்களே, அதே வேலைக்கு இங்கே ஒரே ஒரு வேளை மாத்திரை. பெரியவங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்த்து, தேவைப்பட்டால் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் எந்தப் பூச்சி மருந்தும் எடுக்கக் கூடாது.

தேவர்சோலையில் ஆபத்து ஏன் அதிகம்?

இதுதான் முக்கியமான விஷயம். சோர்வு, வெளுத்த முகம், மூச்சு வாங்குவது, கை கால் வலி. இவை ரத்தசோகையின் அறிகுறிகள். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இதற்குப் புழு ஒரு காரணம்தான். இரும்புச்சத்துக் குறைவு, அதிக மாதவிடாய், வயிற்றுப் புண், காசநோய் என்று இன்னும் பல காரணங்கள் உண்டு.

நீலகிரியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அது சிக்கிள் செல் ரத்தசோகை. பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வரும் மரபணு நோய் இது. வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு, அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நீலகிரி. 1952-ல் இங்குள்ள பழங்குடி மக்களிடம் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். பணியர், குறும்பர், இருளர் எனப் பழங்குடி மக்கள் வாழும் கூடலூர் வட்டாரத்தில் இந்த நோய்க்காகவே தனிக் கவனத்தோடு வேலை செய்கிறது கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை.

இப்போ அந்த விளம்பரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்க. வெளுத்துப்போன, அடிக்கடி கை கால் வலின்னு அழுகிற ஒரு குழந்தை. விளம்பரம் 'புழு' என்கிறது. வீட்டில் டப்பா வாங்கிக் கொடுக்கிறார்கள். இதில் இரண்டு ஆபத்துகள்.

ஒன்று, நோய் கண்டுபிடிக்கத் தாமதமாகும். சிக்கிள் செல் நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் தடுப்பூசி, ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா மாத்திரை, தொடர் கண்காணிப்பு என்று பாதுகாக்க முடியும்.

இரண்டு, மருந்தே நோயைத் தூண்டலாம். இந்த 'கிளென்ஸ்' கலவைகளில் பலவும் பேதியை உண்டாக்குபவை. பேதியானால் உடம்பில் தண்ணீர் வற்றும். சிக்கிள் செல் நோயாளிக்கு நீரிழப்பு என்பது கடுமையான வலித் தாக்குதலைக் கொண்டுவரும் முக்கியக் காரணங்களில் ஒன்று. குளிரும் அப்படித்தான். குளிர் மலையில், பேதியாகித் துவண்டிருக்கும் குழந்தையிடம் "புழு சாகுது, பொறுத்துக்கோ" என்று சொல்வது எவ்வளவு விபரீதம்!

40 வயசைத் தாண்டியவர்களுக்கும் இது பொருந்தும். காரணம் தெரியாத ரத்தசோகை, மலத்தில் ரத்தம், எடை குறைவது ஆகியவை குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதைப் புழு என்று நினைத்து ஆறு மாதம் பவுடர் குடித்தால், போன ஆறு மாதத்தைத் திருப்பி வாங்க முடியாது.

பாட்டி வைத்தியம், சித்த மருந்து எல்லாம் தப்பா?

வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடுத்தது, விளக்கெண்ணெய் குடிச்சு பேதிக்குப் போனது எல்லாம் நம்ம வீடுகளில் நடந்ததுதான். சித்த மருத்துவத்திலும் குடற்புழுவுக்கு மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றை நோயாளியைப் பார்த்து, வயசு, உடல்நிலை கேட்டு, அளவு சொல்லிக் கொடுக்க தகுதி பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவும் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர், எல்லா வயசுக்கும் ஒரே டப்பா என்று விற்பதற்கு 'சித்தா', 'ஆயுர்வேதா' என்று லேபிள் ஒட்டிவிட்டால் அது அந்த மருத்துவம் ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மாய வைத்திய (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. புற்றுநோய், நீரிழிவு, உடல் பருமன், வலிப்பு உள்ளிட்ட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அடுத்த முறை ஒரு வருஷம் வரை. குடற்புழு அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் 'புழுவை எடுத்தால் சுகர் போகும், கேன்சர் வராது' என்று சொல்லும்போதே விளம்பரம் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. அதோடு, எந்த மருந்தைப் பற்றியும் பொய்யான விளம்பரம் கூடாது என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. பொருளைப் பரிந்துரைக்கும் பிரபலங்களும் தப்ப முடியாது.

ஓட்டை எங்கே? நிறைய டப்பாக்கள் மருந்தாக விற்கப்படுவதே இல்லை, உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகின்றன. டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கும். அது உணவு தயாரிக்கவும் விற்கவும் வாங்கிய உரிமம் மட்டுமே, புழுவைக் கொல்லும் என்பதற்கான சான்று கிடையாது. சொல்லப்போனால், இந்த வகைப் பொருளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பதே விதி. டப்பாவில் அது பொடி எழுத்தில் இருக்கும், ரீல்ஸில் 'எல்லாப் புழுவும் காலி' என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற 170-வது விதி 2018 டிசம்பரில் கொண்டுவரப்பட்டது. பதஞ்சலி விளம்பர வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூலையில் மத்திய அரசு அந்த விதியை நீக்கியது. ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்ட்டில் இந்திய மருத்துவ சங்கத்தின் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகியது. ஆக, விளம்பரம் வெளியாவதற்கு முன்னால் தடுக்கும் வழி சுருங்கிவிட்டது. வந்த பிறகு புகார் கொடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

என்ன செய்யணும்?

வாங்கும் முன்:

- 'எல்லாப் புழுவும்', 'எல்லா நோயும்', 'பக்கவிளைவே இல்லை' என்ற மூன்றில் ஒன்று வந்தாலும் அந்த வீடியோவைத் தள்ளிவிடுங்க.
- மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, தயாரித்தவர் முகவரி இருக்கணும். வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் வேண்டாம்.
- குழந்தைக்குச் சோர்வு, வெளுப்பு, அடிக்கடி வலி இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. 2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 40 வயது வரையிலானவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். உங்க ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க.

ஏற்கெனவே குடித்திருந்தால்:

- பேதி, வாந்தி, வலிப்பு, கண் மஞ்சளாவது, கடுமையான நெஞ்சு வலி அல்லது எலும்பு வலி இருந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவசரம் என்றால் 108. ஆலோசனைக்கு 104.
- டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க, டாக்டரிடம் காட்ட எடுத்துட்டுப் போங்க. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். என்ன குடிச்சீங்கன்னு தெரிஞ்சாதான் சிகிச்சை சரியா அமையும்.

புகார் கொடுக்க:

- விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லையும் டப்பாவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம்.
- மருந்து என்று விற்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம், உணவுப் பொருள் என்று விற்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம்.
- பணம் வாங்கிவிட்டு ஏமாற்றினால் சைபர் குற்ற உதவி எண் 1930.

நிஜமான புழுவுக்கு மாத்திரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் காசில்லாமல் கிடைக்கிறது. புழு இல்லாத இடத்தில் புழுவைக் காட்டும் டப்பாவுக்குத்தான் காசு கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு கூடலூர் வரை பஸ் ஏறிப் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால், உடம்பில் நிஜமாகவே என்ன பிரச்னை என்று தெரிந்துவிடும். அடுத்த முறை அந்த ரீல்ஸ் உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால், பதிலுக்கு இதை அனுப்பிவைங்க.